படுத்துட்டேன்கா, தூக்கு

எங்கள் வீட்டில் வீடியோ கேமில்கூட யாரும் சாகக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம்.

கம்போங் மேடான் ஃபிளாட்டில் நானும் தம்பியும் ஒரே டிவி முன் உட்கார்ந்து ஆடிய காலத்தில், குண்டடி பட்டதும் அவன் "செத்துட்டேன்கா!" என்று கத்துவான். சாமி விளக்கேற்றிக்கொண்டிருக்கும் அம்மா அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "விளக்கு வைக்கிற நேரத்துல வாயில நல்ல வார்த்தையே வராதா?" அன்றிலிருந்து நாங்கள் "படுத்துட்டேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். ஒருவர் படுத்தால் மற்றவர் ஓடிப்போய் பட்டனை அழுத்தித் தூக்கிவிட வேண்டும்.

கல்யாணமாகி நான் கிள்ளானுக்கு வந்தேன். அம்மா காலமான பிறகு அவன் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துக்கொண்டான். ஞாயிறு மதியம் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினால் அவன் குரல் காதுக்குள் வந்துவிடும். பத்து வருஷம் இப்படியே ஆடினோம். "வயசுக்கு ஏத்த வேலையா இது?" என்பார் என் கணவர். அவர் நாள் முழுக்க டிவியில் பந்தாட்டம் பார்ப்பதை நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?

இந்தப் பத்து வருஷத்தில் ஆடியதில் சிறந்த பத்தை வரிசைப்படுத்தலாம் என்றான் தம்பி. இருவர் போனிலும் ஒரே லிஸ்ட்டைத் திறந்துவைத்து எழுதினோம். பத்திலிருந்து இரண்டு வரை ஒரே வாரத்தில் முடிந்தது. பந்து கேமை ஏழில் போட்டதற்கு மட்டும் முனகினான். முதலிடத்தில்தான் முட்டிக்கொண்டது. எனக்குக் குதிரை கேம். ஒற்றை ஆளாகக் குதிரையில் ஊர் ஊராகப் போகும் கதை, முடிவில் நான் அழுதிருக்கிறேன். அவனுக்கு, இருவர் சேர்ந்து ஆடும் ஜோம்பி கேம்.

"தனியா ஆடுறதெல்லாம் ஃபர்ஸ்ட் வரக்கூடாதுக்கா. விழுந்தா தூக்க ஆள் வேணும் லா."

"உனக்குக் கதைன்னா என்னன்னே தெரியாதுடா."

விட்டுக்கொடுப்பது என் ரத்தத்திலேயே கிடையாது. நான் குதிரையைப் போடுவேன். மறுநாள் அவன் அதை அழித்து ஜோம்பியைப் போட்டிருப்பான். மூன்று வாரம் இழுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆபீசில் இருந்தபோது அவனிடமிருந்து மெசேஜ் வந்தது: "படுத்துட்டேன்கா." வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, நானில்லாமல் ஆடுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்கேயே கிட. லிஸ்ட்ட மாத்து, அப்புறம் தூக்குறேன்" என்று அனுப்பினேன். பக்கத்து மேசைத் தோழியிடம் காட்டிச் சிரிக்கவும் செய்தேன். "ஓகேக்கா" என்று பதில் வந்தது. பிறகு இரண்டு நாள் பேச்சே இல்லை. கோபித்துக்கொண்டிருக்கிறான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை அவனுடைய ஹவுஸ்மேட் அழைத்தார். "அக்கா, தம்பிக்கு டிங்கி, கொசுக் காய்ச்சல். நாலு நாளாச்சு. இப்பத்தான் ஆஸ்பத்திரியில சேர்த்தோம்."

காய்ச்சலில் விழுந்த யாரும் படுத்துட்டேன் என்றுதான் சொல்வார்கள். எந்தத் தமிழ் வீட்டிலும் அது புரியும். எனக்குப் புரியவில்லை. இதற்கு நான் யார்மீதும் பழி போட முடியாது.

போய்ப் பார்த்தபோது உதடு வெடித்து, கண் சிவந்து கிடந்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். சுட்டது.

"ஏன்டா ஒரு போன் பண்ணல?"

"லிஸ்ட்ட மாத்திட்டேன்கா," என்றான். "நீ பாக்கலையா?"

சனிக்கிழமை காலையில் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் லிஸ்ட்டைத் திறக்கும் தைரியம் வந்தது. முதலிடத்தில் குதிரை கேம் இருந்தது. செவ்வாய்க்கிழமை, என் மெசேஜ் போன நாலாவது நிமிஷத்தில் மாற்றியிருக்கிறான். நான் அதை அழித்துவிட்டு ஜோம்பி கேமைப் போட்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும் திறந்து பார்த்தேன். யாரும் மாற்றியிருக்கவில்லை.