மார்ட்டன்பிரிட்ஜின் கையுறை

மொன்றியலில் இருந்துகொண்டு மார்ட்டன்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலேயச் சந்தைப் பட்டினத்தைப் பற்றி அறிய விரும்புகிறவர், அந்நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வசிக்கும் தாட்சாயினி அருமைநாதனைக் கேட்கலாம். அப்படி விரும்பிக் கேட்டவர் இதுவரை எவரும் இல்லை. ஆகையால் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லிவிடுவார். சதுக்கத்தின் நடுவே நிற்கும் கற்சிலுவையின் ஒரு கை ஏன் குட்டையாக இருக்கிறது, ஆற்றுப் பாலத்தின் கடைசி வளைவைக் கடக்கும்போது படகோட்டிகள் ஏன் சீட்டியடிப்பதில்லை, பன்றிச் சந்தை கூடிய தெருவுக்குப் பட்டுத் தெரு என்று பெயர் வந்தது எப்படி, எல்லாம் அவருக்குத் தெரியும். அவ்வூர் வரலாற்றுச் சங்கத்தில் பல ஆண்டுகளாக அவர் தபால்வழி உறுப்பினர். சங்கத்தின் மடல் வரும் நாளில் சமையல் தாமதமாகும் என்பது கணவர் அருமைநாதனின் அனுபவம்.

தாட்சாயினிக்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது. மருத்துவமனையொன்றில் நோயாளரைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, உணவூட்டும் உதவியாளராக வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தைக்குப் போவது வழக்கம். தக்காளியைப் பொறுக்கியபடியே, மார்ட்டன்பிரிட்ஜில் சந்தை மணி அடிக்குமுன் ஒரு முட்டை வாங்கினாலும் தண்டம் விதித்த காலம் ஒன்று இருந்தது என்று பக்கத்தில் நிற்பவரிடம் தெரிவிப்பார். பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் அருமைநாதன்தான்.

"உமக்கு ஊர் யாழ்ப்பாணமோ, மார்ட்டன்பிரிட்ஜோ?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"யாழ்ப்பாணத்திலை பிறந்தனான். மார்ட்டன்பிரிட்ஜிலைதான் வெளியிலை வந்தனான்" என்றார் தாட்சாயினி.

அந்தப் பதில் அலங்காரமாகச் சொல்லப்பட்டதன்று. அதன் பின்னால் ஒரு குளிர்காலமும் ஓர் இளவேனிலும் இருந்தன.

எண்பதுகளின் இறுதியில், கனடாவுக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்ன முகவர் அவரை இலண்டன் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு மறைந்துபோனார். வந்தது வேறொருத்தியின் கடவுச்சீட்டில். அதையும் முகவர் எடுத்துப் போயிருந்தார். தூரத்து உறவினரான சிவநேசம் அக்கா மார்ட்டன்பிரிட்ஜ் சதுக்கத்தில் ஒரு சிறு கடை நடத்தினார். கடைக்கு மேலிருந்த அறையில் தாட்சாயினிக்கு இடம் கிடைத்தது. பொலிஸ் பிடித்தால் அன்றைக்கே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பொலிஸ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இங்கும் அதுவே என்று எண்ணினார். ஆகவே அவர் படியிறங்கவே இல்லை. துணிகளை அறைக்குள்ளேயே உலர்த்தினார். சதுக்கத்தைப் பார்த்த சன்னலின் திரையை ஓர் ஓரமாக மட்டும் விலக்கி, ஊரை அந்தக் கீற்றின் வழியாகவே கற்றுக்கொண்டார்.

யூலை மாதம் ஊரின் பெருஞ்சந்தை வந்தது. அன்று காலை, மூன்று மூலைத் தொப்பி அணிந்த ஒருவர் மணியடித்துக்கொண்டு வர, அவருக்குப் பின்னால் பூச்சுற்றிய நீண்ட கம்பத்தின் நுனியில் பொன்முலாம் பூசிய பெரிய கையுறையொன்று வந்தது. அதைக் கற்சிலுவையருகே நட்டுவிட்டு அவர் உரக்க ஏதோ அறிவித்தார். அறைக்குத் தேநீர் கொண்டுவந்த சிவநேசம் அக்கா, சன்னலோரம் நின்று சிரித்தபடியே அதை மொழிபெயர்த்தார்.

"கையுறை ஏறீட்டுதாம். அது இறங்குமட்டும் ஒருதரையும் பிடிக்கேலாதாம். கள்ளன் வந்தாலும் பிடிக்கேலாதாம், பிள்ளை."

கடையில் ஆட்கள் நிறைந்திருந்ததால் அக்கா உடனே கீழே போய்விட்டார். அவர் சிரித்ததைத் தாட்சாயினி கவனிக்கவில்லை. தலைவாரி, சப்பாத்தைத் தேடி எடுத்து அணிந்து, பின்படி வழியாகச் சதுக்கத்தில் இறங்கினார்.

அந்த வழக்கத்துக்கு ஊர் ஒரு கதை சொல்கிறது. முன்னொரு காலத்தில் கடனாளிகளும், பண்ணையடிமைத்தனத்திலிருந்து ஓடியவர்களும், வழக்கில் சிக்கியவர்களும் பிடிபடும் பயத்தால் சந்தைக்கு வராமல் ஒதுங்கினார்களாம். விற்பவன் இருந்தான், வாங்க ஆளில்லை. ஊருக்குரிய பிரபு குதிரையில் வந்து, சந்தை ஏன் வெறிச்சென்று கிடக்கிறது என்று கேட்டார். ரொட்டி விற்ற கைம்பெண்ணொருத்தி, "தின்கிற வாயெல்லாம் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது, ஐயா" என்றாளாம். பிரபு தம் வலக்கைக் கையுறையைக் கழற்றி, அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் அவளுடைய நீண்ட தடியின் நுனியில் மாட்டி, இது மேலே இருக்கும்வரை எவர்மீதும் எவரும் கைவைக்கக் கூடாது என்றார். தேவாலயத்தில் அவருடைய கற்சிலைக்கு ஒரு கையில் மட்டுமே கையுறை இருப்பதை ஊரார் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். மற்றக் கை இங்கிலாந்தின் பழைய உள்நாட்டுப் போரில் வீரர்கள் உடைத்தது, பிற்காலத்தில் அதை ஒட்டியவனுக்குக் கையுறை செதுக்கப் பொறுமையில்லை, என்பது வரலாற்றுச் சங்கத்தின் முடிவு. தாட்சாயினி இரண்டையும் சொல்வார். கைம்பெண்ணின் கதையை முதலில் சொல்வார்.

இவை எதுவும் அன்று அவருக்குத் தெரியாது. சதுக்கத்து விடுதியின் மாடியிலிருந்து, சந்தை வழக்கப்படி, கூட்டத்தின்மீது சூடான பன்களை எறிந்தார்கள். ஒன்று அவர் தோளில் பட்டு விழுந்தது. ஒரு கிழவர் குனிந்து எடுத்து, ஊதிக் கொடுத்தார். பன்னைத் தின்றுகொண்டே தாட்சாயினி சதுக்கத்தைச் சுற்றினார். ஆட்டுப்பட்டியருகே ஒரு பொலிஸ்காரர் நின்றார். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தாட்சாயினி நேராக அவரிடம் போனார்.

தாட்சாயினியின் கணக்கு மிகச் சரியானது. பிடிக்க முடியாத நாளில்தானே பொலிஸிடம் ஆலோசனை கேட்க முடியும்? பாடசாலையில் கற்ற ஆங்கிலத்தில், தம்மிடம் பத்திரம் எதுவும் இல்லை என்றும், கடைக்கு மேலே ஒளிந்திருப்பதாகவும், கையுறை இறங்கிய பிறகு என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை என்றும் கூறினார். ஒளிந்திருந்த அறையின் சன்னலைக்கூட விரல் நீட்டிக் காட்டினார்.

நடுவயதான அந்தப் பொலிஸ்காரர் சன்னலைப் பார்த்தார். பின்பு கம்பத்தையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மீண்டும் அணிந்தார். கையுறை மேலே இருக்கும்போது தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார். ஆனால் அது நாளை மறுநாள் மாலைதான் இறங்கும். அதற்குள், நாளைக் காலை நகர மண்டபத்தின் பக்க அறையில் ஒரு பெண் வழக்கறிஞர் இலவசமாக ஆலோசனை தர அமர்ந்திருப்பார். அவரிடம் சொந்தப் பெயரைச் சொல்லி நடந்ததை நடந்தபடி கூறவேண்டும், என்றார். விளங்கியதா என்று இரண்டு முறை கேட்டார்.

மறுநாள் தாட்சாயினி போனார். சொந்தப் பெயரில் அகதி விண்ணப்பம் பதிவாயிற்று. தங்கியிருக்க அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளின் பின் அருமைநாதனுக்கு மனைவியாகி மொன்றியல் வந்தார். கையுறையின் சட்டவலு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒழிந்துவிட்டது, இப்போது நடப்பது வெறும் கொண்டாட்டம், என்பதை இங்கு வந்த பிறகு சங்க மடல் ஒன்றில்தான் படித்தார். சட்டம் இல்லையென்பது அவருக்குத்தான் தெரியாது, பொலிஸ்காரருக்குத் தெரியும். அந்த மனிதரைத் தேடிச் சங்கத்துக்கு எழுதினார். அவர் ஓய்வுபெற்ற சில காலத்தில் காலமாகிவிட்டார் என்று பதில் வந்தது. நன்றியைச் சொல்ல ஆளில்லாமற் போகவே, தாட்சாயினி அதை ஊருக்கே சொல்லத் தொடங்கினார்.

அந்த ஆண்டு முதல், மார்ட்டன்பிரிட்ஜில் சந்தை கூடும் மூன்று நாள்களிலும், கோட்-டெ-நெய்ஜில் அவர்களுடைய பல்கணிக் கம்பியில் ஓர் ஐஸ் ஹொக்கி மட்டை கட்டப்படும். அதன் நுனியில், சூடான தட்டைப் பிடிக்கும் சமையலறைக் கையுறை மாட்டப்படும். கட்டடப் பொறுப்பாளர் முதலாண்டில் விளக்கம் கேட்டார். புறா விரட்ட என்று அருமைநாதன் பிரெஞ்சில் கூறிவிட்டார். ஆனால் அவ்வழக்கத்தின் பயனை முதலில் கண்டறிந்தவரும் அவரே. நீரிழிவுக்காரரான அவர் அந்த நாள்களில் ஒரு பெட்டி தொதல் இனிப்பை முன்வைத்துக்கொண்டு, "கையுறை மேலை நிக்குது. ஒண்டும் கதைக்கேலாது" என்பார். தாட்சாயினியும் கதைப்பதில்லை.

கடந்த யூலையில் அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் வித்தியாவும் அவள் கணவன் றொக்சனும் இருந்தார்கள். அவர்களுடைய அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, மேன்முறையீடும் தோற்றிருந்தது. வெளியேறும்படி அறிவித்தல் வந்ததும் பழைய முகவரியை விட்டு இங்கு மாறியிருந்தார்கள். றொக்சன் விடியுமுன் மரக்கறிக் கிடங்கொன்றில் வேலைக்குப் போவான். எட்டாம் மாதக் கர்ப்பிணியான வித்தியா வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை. காப்புறுதி இல்லாத கர்ப்பிணிகளைப் பார்க்கும் இலவச மருத்துவ நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கு எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை என்று தாட்சாயினி பலமுறை எடுத்துச் சொல்லியிருந்தார். பெயரைக் கொடுத்தால் நாடுகடத்த எல்லைக் காவலர் வாசலுக்கு வருவார்கள் என்பது வித்தியாவின் உறுதி. நோகத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பாள்.

மார்ட்டன்பிரிட்ஜில் சந்தை தொடங்கிய நாள் மாலை, கடன்வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வித்தியா மாடியேறி வந்தாள். அவளுடைய முகம் ஊதியிருந்தது. பாதங்கள் செருப்புக்குள் அடங்கவில்லை. இரண்டு நாளாகத் தலையிடி, கண்ணுக்குள் மின்னுகிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். இவ்வறிகுறிகளோடு பிந்தி வந்த பெண்களைத் தாட்சாயினி வேலையிடத்தில் கண்டிருக்கிறார். அவர்களில் எல்லோரும் வீடு திரும்பவில்லை.

வற்புறுத்தினால் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று அவர் அஞ்சினார். அப்போது பல்கணியில் ஆடிய கையுறையைப் பார்த்து இது என்ன என்று வித்தியாவே கேட்டாள். தாட்சாயினி அவளை இருத்தி, கதையைத் தொடங்கினார். பாதியில் ஒரு சபலம் வந்தது. சிவநேசம் அக்கா சொன்னதோடு நிறுத்திவிட்டால் என்ன? நம்பிக்கொண்டு வருவாள் அல்லவா? ஆனால் நிறுத்தவில்லை. தாம் நம்பியது பிழை என்பதையும், அந்தக் கையுறைக்கு எந்த வலுவும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லி முடித்தார்.

வித்தியா மறுபடியும் பல்கணிக் கையுறையைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பொலிஸ்காரருக்குத் தெரியும், என்ன அன்ரி?"

"ஓம். தெரியும்."

"தெரிஞ்சும் பிடிக்கேல்லை."

"பிடிக்கேல்லை."

"அந்தக் கிளினிக்கிலை இருக்கிறவையள் எப்பிடி?"

"நான் ஒவ்வொருத்தராத் தெரிஞ்சு வைச்சிருக்கேல்லை, பிள்ளை. அதாலை சத்தியம் பண்ண மாட்டன். உன்னோடை வாறன். நீ திரும்பி வருமட்டும் நான் அங்கையே நிப்பன்."

அருமைநாதன் தொதல் பெட்டியை மூடிவைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். நாளைக்குப் போகலாமே என்று வித்தியா இழுத்தாள்.

"நாளைக்கு மழையாம். எனக்கு மழையிலை கார் ஓட விருப்பமில்லை" என்றார் அவர். வானிலையை அவர் பார்த்திருக்கவில்லை.

மாலை நேரத்திலும் அந்த நிலையம் திறந்திருந்தது. தாதி இரத்த அழுத்தத்தை அளந்து, இன்னொரு முறை அளந்து, உடனே ஒரு மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த மருத்துவமனையின் வரவேற்பிடத்தில் பெயர் கேட்டபோது வித்தியா தாட்சாயினியைத் திரும்பிப் பார்த்தாள். தாட்சாயினி அவளுடைய கைப்பையை மட்டும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். வித்தியா தன் முழுப்பெயரைத் தானே சொன்னாள். பதிவாளர் எழுத்துக்கூட்டக் கேட்டார், கூட்டினாள். எவரும் எவரையும் அழைக்கவில்லை. சக்கர நாற்காலி ஒன்று வந்தது.

அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் ஒருநாள் சென்றிருந்தால் தாயையோ பிள்ளையையோ, ஒருவேளை இருவரையுமோ இழந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் றொக்சனிடம் கூறினார். அவன் கிடங்கு மேலங்கியுடனேயே வந்து நின்று, திரும்பத் திரும்ப மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். பிறகு ஒரு சமூகப் பணியாளர் வந்து, அவர்களுடைய வழக்கைப் புதிதாகப் பார்க்க ஒரு வழக்கறிஞரின் பெயரைத் தந்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவு எப்படியென்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் வித்தியா இப்போது பிள்ளையை வண்டியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போகிறாள்.

குழந்தை பிறந்த அன்று தாட்சாயினி வீடு திரும்பியபோது பிற்பகல் ஆகியிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அருமைநாதன் அடுப்படியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பொலிஸ்காரர் அண்டைக்கு வீட்டை போய் மனுசியிட்டை என்ன சொல்லியிருப்பார்?"

அருமைநாதன் யோசித்தார்.

"என்னத்தைச் சொல்லுறது? கால் நோகுது, தேத்தண்ணி போடும் எண்டிருப்பார்."

தாட்சாயினி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அருமைநாதன் கேத்திலில் தண்ணீரை நிரப்பி அடுப்பில் வைத்தார்.