சீனக்குடாவுக்கு ஒரு மிஸ்ட் கோல்

காலை ஆறரை. தம்பலகாமம் ரயில் நிலையத்து வாங்கில் நானும் என் வீட்டுக்காரரும் போய் இருந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. ரயில் ஆறு ஐம்பதுக்கு. அது ஆறு ஐம்பதுக்கு வந்ததை நான் சில தரம்தான் கண்டிருக்கிறேன்.

திருகோணமலை இங்கிருந்து இருபத்துநாலு கிலோமீற்றர் போல. ரயிலுக்கு ஆளுக்கு அறுபது ரூபா. பஸ்ஸுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. அதோடு பஸ் கண்டி வீதியால் போவது, அதுவரைக்கும் ஓட்டோ பிடிக்க வேண்டும். ஏறினால் இருக்க இடம் கிடைக்குமோ தெரியாது. அவருக்கு நிற்க ஏலாது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு விட்டன. செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் மெசினில் கிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அவருடைய முறை காலை எட்டரைக்கு. பிந்தினால் அடுத்தவருடைய நேரத்தைத் தின்ன வேண்டிவரும், அல்லது அன்றைக்கு மெசினே இல்லாமல் போகும். ஒரு தரம் விட்டால் என்ன நடக்கும் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. இரவில் அவர் சாய்ந்து படுக்க முடியாமல் எழும்பி இருக்கிறபோது வருகிற மூச்சுச் சத்தமே எனக்குப் போதும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். நேரசூசி வாசிக்கத் தெரியும், ஆனால் இந்தப் பாதையில் போகிற நாங்கள் ஒருவரும் அதை நம்புவதில்லை. எங்களிடம் வேறு ஒழுங்கு இருக்கிறது. கந்தளாயில் ரயில் வெளிக்கிட்டதும் அதில் இருக்கிற ரசீன் நானா எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவார். பட்டினத்தில் தையல் கடை வைத்திருப்பவர். ரயில் தம்பலகாமத்துக்கு வந்து நாங்கள் ஏறியதும் நான் சீனக்குடாவில் இருக்கிற ஜெயந்தி மிஸ்ஸுக்கு ஒன்று கொடுப்பேன். அவர் அந்த மெசின் பகுதியில் நேர்ஸ், அதே ரயிலில்தான் வேலைக்கு வருவார். என் மணி அடித்தால்தான் வீட்டுப் படியிறங்குவார். கந்தளாயில் வெளிக்கிட்ட ரயில் இடையில் காட்டுக்குள் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால், நானாவின் மணி அவருக்கு உதவாது. என்னுடையதுதான் கணக்கு.

அன்றைக்கும் ஆறு முப்பத்தைந்துக்கு நானாவின் மணி அடித்தது. நான் நிம்மதியாகப் பையைத் தோளில் கொழுவினேன்.

ஏழு மணியாயிற்று. வரவில்லை. ஏழேகாலுக்கு உள்ளே போய்க் கேட்டேன். கந்தளாயிலிருந்து வெளிக்கிட்டு விட்டதாம், இடையில் நிற்கிறதாம், ஏன் என்று தெரியாதாம். நானாவுக்கு எடுத்துப் பார்த்தேன். காட்டுக்குள் சிக்னல் இல்லை. தண்டவாளம் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு உழவு மெசின் சத்தம் போட, ரயில்தான் என்று எழும்பினேன். பிறகு இருந்தேன். பிறகும் எழும்பினேன்.

வாங்கில் இருந்தவர் தன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். நாள் முழுவதற்கும் அரைப் போத்தல்தான் அவருக்கு அனுமதி. அதில் ஒரு முடறு குடித்துவிட்டு மூடினார். பாதங்கள் செருப்பு வாருக்கு மேலால் பொங்கி நின்றன.

"இருங்கோவன், இப்ப வரும்," என்றார் என்னைப் பார்த்து. நான் பயந்தால் எனக்கு மரியாதை தருவார், பகிடிக்கு.

"வராட்டி?"

"வராட்டி நடப்பம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனால் ரயில் வரும், நின்றால் வராது. இந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் இந்த யோசனை இருக்கும். கணக்குப் பிழைத்தால் மற்றவர்களுக்கு அரை நாள் சம்பளம்தான் போகும். எனக்கு அப்படியில்லை. ஏழு இருபத்தைந்துக்கு நான் அவரை எழுப்பி, வெளியில் நின்ற ஓட்டோவில் ஏற்றினேன். வீதிக்கு இருநூற்றைம்பது கேட்டான். பேரம் பேச வாய் வரவில்லை.

"அக்கா, ரயில் வந்துடும் போல கிடக்கு," என்றான் அந்தப் பொடியன், ஓட்டோவைத் திருப்பிக்கொண்டே.

"நீ ஓடு தம்பி."

திருகோணமலை பஸ் உடனே கிடைத்தது. ஒரு புண்ணியவதி எழும்பி இவருக்கு இடம் கொடுத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டுப் பெட்டி முழங்கியது. சீனக்குடாச் சந்தி தாண்டுகிறபோது இடைவெளியால் கடல் தெரிந்தது, தூரத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. ரயிலை முந்திவிட்டோம் என்று எனக்குள் ஒரு தைரியம் வந்தது உண்மை. அந்தச் சந்தியிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் யார் இருக்கிறார் என்று எனக்கு நினைப்பு வரவில்லை. பாலையூற்று வந்தது, பட்டினம் வந்தது. எட்டு மணி பத்து நிமிசத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

மெசின் காலியாக இருந்தது. கட்டில் விரித்திருந்தது. உள்ளே ஒரே ஒரு நேர்ஸ், மூலைக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கி, அவவை விட்டு அசைய முடியாமல் நின்றார். எங்களைக் கண்டு, இருங்கோ, ஜெயந்தி மிஸ் வந்தவுடன் போடலாம், இன்னும் அவவைக் காணவில்லை என்றார்.

அப்போதுதான் எனக்குத் தலைக்குள் இடி விழுந்தது. பைக்குள் கை விட்டு, மருந்துச் சீட்டு, துவாய், சோற்றுப் பெட்டி எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு அடியில் கிடந்த போனை எடுத்தேன். ரசீன் நானாவின் கோல் மூன்று. பஸ்ஸின் பாட்டுக்குள் கேட்கவில்லை. சீனக்குடாவுக்கு நான் கொடுக்க வேண்டிய ஒன்று கொடுக்கவேயில்லை. எங்களை மெசினில் போட வேண்டியவரையே வீட்டில் இருத்திவிட்டு, நான் மெசினுக்கு முந்தி ஓடி வந்திருக்கிறேன்.

மிஸ்ஸுக்கு எடுத்தேன். மணி ஒரு தரம் அடிக்கவே எடுத்தார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"மிஸ், நான்தான். நாங்கள் பஸ்ஸில வந்திட்டம். ஆஸ்பத்திரியில நிக்கிறம்."

"ஐயா?"

"இஞ்சதான் இருக்கிறார்."

வாறன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒன்பதேகால் வரைக்கும் நாங்கள் காத்திருந்தோம். என் வாழ்நாளில் அந்தளவு நீளமான ஒரு மணித்தியாலம் வேறில்லை. இவர் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு எடுத்தார். எடுக்கிற ஒவ்வொன்றையும் நானும் சேர்ந்து எடுத்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் எழும்பினேன், ஸ்டேசனில் எழும்பியதுபோல. அதற்குள் ரசீன் நானா கடையைத் திறக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு யானை தண்டவாளத்திலேயே நின்றதாம், ரயில் அதுகளின் மனசு மாறும்வரை நின்றதாம். தம்பலகாமத்தில் யன்னலால் பார்த்தால் வாங்கில் எங்களைக் காணவில்லை. போன் எடுத்தால் பதில் இல்லை. இவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நான் ரயிலுக்குள்ளயே துஆ கேட்டுட்டன்," என்றார் மெதுவாக. இவர் போய்விட்டார் என்று நினைத்துக் கேட்ட பிரார்த்தனை அது.

ஜெயந்தி மிஸ் ஓட்டோ ஒன்றைத் தேடி அலைந்து பிடித்து வந்து இறங்கினார். நேரே போய்க் கை கழுவி, இவருடைய கையில் ஊசி இறக்கி, மெசினைப் போட்டார். குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கிய பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ரயில் பிந்திட்டுது எண்டு நான் யோசிக்கேல்லை அக்கா. உங்கட கோல் வரேல்லை எண்டதும் ஐயாவைத்தான் யோசிச்சனான். எட்டு மணி மட்டும் போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தனான். எடுக்கப் பயமா இருந்தது."

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"ஒரு ரயில் பிந்தினதுக்கு, நானா என்னைத் தாட்டுப்போட்டார், மிஸ் எரிச்சுப்போட்டா. இவள் மட்டும்தான் பஸ்ஸில ஏத்தினவள்."

நானா சிரித்தார். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பினார்.

பின்னேரம் பஸ்ஸிலேயே திரும்பினோம். கொழும்பில் ரயில் பிந்தினால் சனம் ஸ்டேசனில் நின்று ஏசுமாம், கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் பாதையில் ஏசுகிற அளவுக்கு ஒருவருக்கும் நெஞ்சில் இடமில்லை. அடுத்தவர் ஏன் மணி அடிக்கவில்லை என்கிற யோசனையே அதை நிறைத்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமையும் ரயில் பிந்தித்தான் வந்தது. ஆனால் நாங்கள் வாங்கை விட்டு எழும்பவில்லை. ஏறி இருந்ததும் இவர் கையை நீட்டி என் போனை வாங்கினார். இனிச் சீனக்குடாவுக்குத் தானே கொடுப்பாராம், நான் மறந்துவிடுவேனாம். வீங்கிய விரலால் மெதுவாகத் தேடி அமத்தி, ஒரு மணி அடிக்க விட்டு நிறுத்தினார். அங்கே ஜெயந்தி மிஸ் படியிறங்கியிருப்பார்.

ரயில் பிந்துவதற்கு நான் முன்போலப் பயப்படுவதில்லை. அந்தப் போன் திரும்பவும் என் கைக்கு வரப்போகிற காலையை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.