காணிப்பாக்கத்துக் குளத்தில் நான் வாயடைத்து நின்றேன்

போன வருஷம் ஆடி மாதம் என் மகள் யமுனாவுக்கு வயிற்று வலி வந்தது. நகரியில் டாக்டரிடம் காட்டினேன். உடனே திருப்பதிக்குக் கொண்டுபோ என்றார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குடல்வால் வீங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். என் மனைவி செல்வி ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலையில் இருந்தாள். அவள் வந்து சேர நேரமாகும். நான் மட்டும்தான் கூட நின்றேன்.

நர்ஸம்மா ஃபாரத்தை நீட்டி, "மீரு பாப்பக்கு ஏமவுதாரு?" என்று தெலுங்கில் கேட்டார். பாப்பாவுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று. பத்து வயசுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அப்பா என்று சொல்ல வேண்டியதுதானே? ஆனால் அவள் ஆதாரில் தகப்பன் இடத்தில் வேறு ஒருவன் பேர் இருக்கிறது. கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். "இவ அம்மாவுக்குப் புருஷன்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யமுனாவும் கேட்டாள். என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி தளர்ந்தது.

செல்வி வந்து கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்தப் பிடி தளர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

நான் பொக்லைன் ஓட்டுகிறவன். மண் தோண்டுகிற வேலை. நயமாக எழுத வராது. நம் பிள்ளையாரை நம்புகிறவர்கள் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

யமுனாவுக்கு இரண்டு வயதாகும்போது அவளைப் பெற்றவன் தாமோதரன் வீட்டை விட்டுப் போய்விட்டான். செல்வி கோர்ட்டில் விவாகரத்து வாங்கினாள். அப்புறம்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். யமுனா என்னை நைனா, அதாவது அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். வேறு யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். முறைப்படி தத்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பெற்றவன் உயிரோடு இருக்கிறான், அவன் சம்மதம் வேண்டும் என்றார். சம்மதிக்காவிட்டால்? கைவிட்டான் என்று நிரூபிக்க வழக்குப் போடலாம், எத்தனை வருஷம் இழுக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

தாமோதரன் திருப்பதியில் ஒரு ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறான் என்று தெரிந்து போன் செய்தேன்.

"சோறு போடுறியா, போடு. யாரு வேணான்னாங்க? பொண்ணு என் பொண்ணு. பேரு என் பேரு. கையெழுத்து மட்டும் கேக்காதே" என்றான்.

நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவன் போனை வைத்துவிட்டான். அப்புறம் நான் போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்து, "இன்னாய்யா சோத்துக்காரா" என்று கேட்டுவிட்டு வைப்பான்.

காணிப்பாக்கம் போனேன். தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளையார் முன்னால் நின்று என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? குழந்தைக்கு நல்லது செய் என்று கேட்கவில்லை. அவன் நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டும், நான் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அதைத்தான் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் தீராத வழக்கு என்றால் காணிப்பாக்கத்துக்கு வா என்பார்கள். கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு உள்ளே போய் சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். போலீசுக்குப் பயப்படாதவன்கூட அங்கே பொய் சொல்லப் பயப்படுவான். செல்வியின் அண்ணன் குமார்தான் எனக்கு யோசனை சொன்னான். "அவன கொளத்துக்கு இழு மச்சான். ஒரு நாளாவது அப்பனா இருந்தேன்னு சத்தியம் பண்ணச் சொல்லு. ஓடியே பூடுவான்." எனக்கு இனித்தது. சொல்லி அனுப்பினேன். சத்தியம் செய்தால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன், செய்ய முடியாவிட்டால் நீ கையெழுத்துப் போடு என்று.

வருகிறேன் என்று பதில் வந்தது.

நான் ஒரு வேன் பிடித்தேன். சொந்தக்காரர்களை ஏற்றினேன். அவன் தலை குனிவதைப் பார்க்க ஆள் வேண்டுமே. குமார் வழியெல்லாம் அவனைப் போல நடித்துக் காட்ட, எல்லாரும் சிரித்துக்கொண்டு போனோம். அந்த வேனில் யமுனாவும் இருந்தாள். அவளையும் கூட்டிப் போனேன். செல்வி வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

தாமோதரன் தனியாக பஸ்ஸில் வந்திருந்தான். ஒல்லியான ஆள். யாரிடமும் பேசாமல் குளத்தில் இறங்கி முழுகினான். நானும் முழுகினேன். படியில் ஏறி நின்றோம். இங்கே சொல்வதை உள்ளே போய் அப்படியே சாமி முன்னால் சொல்ல வேண்டும்.

அவன் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான். செல்விக்குப் பின்னால் நின்ற யமுனாவைப் பார்த்தான். அப்புறம் என்னிடம் சொன்னான்.

"நான் அப்பனா இருந்தேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். அப்பனா இல்ல நான். கையெழுத்து போடுறேன். ஆனா நீயும் ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் அந்தக் கொழந்தைக்காக மட்டும்தானா? என்ன அசிங்கப்படுத்தறதுக்கு இல்லியே? கொழந்தைக்காக மட்டும்னு உள்ள வந்து சொல்லு. இப்பவே போடுறேன்."

ஒரு வார்த்தை. ஆமாம் என்று உள்ளே போய்ச் சொன்னால் முடிந்தது. நாக்கு எழவில்லை. வேன் பிடித்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். அது அந்தப் பிள்ளையாருக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னால் அவன் தலை குனிய வேண்டும் என்று கேட்டேன். அதே நாலு பேர் முன்னால் என் தலை குனிந்தது.

"சொல்லு மச்சான், இன்னா நின்னுக்கினு கீற?" என்று குமார் பின்னாலிருந்து இடித்தான்.

கடைசியில் சொன்னேன். "பாதி கொழந்தைக்கு. பாதி உன்ன அசிங்கப்படுத்த."

தாமோதரன் தலையை ஆட்டினான். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்விட்டான். கையெழுத்து இல்லை.

வேனில் திரும்பினோம். குமார், "அரிச்சந்திரன் வூட்டு மாப்புள நம்மாளு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யமுனா என் மடியில் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"நைனா, அவரு அழுதாரா? இல்ல கொளத்துத் தண்ணியா அது?"

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு வெட்கம் என்றால் என்ன என்று தெரிந்தது. குழந்தையை எனக்கு மகளாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, அவளைப் பெற்றவனை அவள் கண் முன்னாலேயே நிறுத்திக் கேவலப்படுத்தப் போனேன். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். கையெழுத்து கேட்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன். அந்தாளு மனசு ஆறட்டும். பொண்ணு மனசு ஆறட்டும்" என்று மட்டும் சொன்னேன். அதுவரை நான் யாருக்காகவும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. மறுநாள் தாமோதரனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். தத்து விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். செல்வியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். ஆனாலும் தினமும் அதே வேண்டுதலைத்தான் சொன்னேன்.

ஐப்பசி மாதம், நல்ல மழை. எனக்கு வேலை இல்லை. போன் வந்தது. நகரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றான் தாமோதரன். நான் அழைக்கவில்லை. யாரும் தூது போகவில்லை. இதை யார் செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வரமாட்டேன் என்றான். டீக்கடையில் உட்கார்ந்தோம். பொண்ணு என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றான். வேனில் அவள் கேட்டதைச் சொன்னேன்.

கையில் எடுத்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"அழுதேன்னே சொல்லு" என்றான். அப்புறம், "அன்னிக்கு நீ கொழந்தைக்காக மட்டும்னு சொல்லிக்கினு உள்ள போயிருந்தா, கையெழுத்து போட்டுட்டு ஆயுசுக்கும் பயந்துக்கினு இருந்திருப்பேன். பொய் சொல்றவங்கிட்ட பொண்ண வுட்டுட்டமேன்னு. இனிஷியல் உன்னுதே இருக்கட்டும். யமுனான்ற பேரு நான் வெச்சது. அத மட்டும் மாத்தாதே."

அந்தப் பேரை வைத்தது அவன் என்று எனக்கு அதுவரை தெரியாது. செல்வியிடம் நான் கேட்டதே இல்லை.

குழந்தைகள் நலக் குழு முன்னால் வந்து தன் வாயால் சம்மதம் சொன்னான். இந்த வருஷம் பங்குனியில் சித்தூர் கலெக்டர் ஆபீசிலிருந்து தத்து உத்தரவு வந்தது. ஸ்கூலில் போய்க் கொடுத்தேன். பாப்பாவுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று அங்கேயும் கேட்டார்கள். நைனா என்று சொன்னேன். யமுனா பக்கத்தில் நின்றாள்.

நான் திருந்திவிட்டேன் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். கோபம் இன்னும் வருகிறது. ஆனால் வாய் பழைய வேகத்தில் ஓடுவதில்லை. திருப்பதிப் பக்கம் போனால் யமுனாவைத் தாமோதரன் வேலை செய்கிற ஓட்டலுக்குக் கூட்டிப் போகிறேன். இட்லி எடுத்து வந்து வைத்துவிட்டு, "நல்லா துன்னும்மா" என்பான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அந்தக் கூச்சத்தையும் பிள்ளையார் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். நான் கேட்ட வேண்டுதலைக் கொடுத்திருந்தால் என் குடும்பம் நாசமாகியிருக்கும். அதைத் தள்ளிவிட்டு, கேட்கத் தெரியாமல் நான் விட்டதைக் கொடுத்தார்.

உங்களுக்கும் தீராத வழக்கு ஏதாவது இருக்கும். காணிப்பாக்கம் போங்கள். குளத்தில் முழுகுங்கள். அவர் முன்னால் நின்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கேட்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். வேன் பிடிக்காதீர்கள். தனியாகப் போங்கள்.