சேது ஆடாமல் கிடந்தான்

என் தம்பி ஆடுவதை நிறுத்திவிட்டான் என்று ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம்.

சேதுவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. பேச்சு கிடையாது. உட்கார்ந்தால் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருப்பான். அதுதான் அவனுக்கு நிம்மதி. ‘மூளை வளர்ச்சி குறைவு’ என்பார்கள் டாக்டர்கள். ஆட்டிசம் (பிறருடன் பேசிப் பழகுவதையே வேறு விதமாக்கிவிடும் வளர்ச்சி நிலை) என்ற சொல் எங்கள் காதில் விழுந்ததெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். வடக்கே, தலைநகரின் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அம்மா, நான், அவன் என்று மூன்று பேர். அப்பா இறந்த பிறகு அவருடைய இலாகாவிலேயே எனக்கு குமாஸ்தா வேலை.

எண்பதுகளில் ஒரு கோடை. சேது சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்தவர்களையும் தள்ளிவிட்டான். கைகளைக் கட்டிலோடு கட்டி, தூங்க மருந்து கொடுத்தார்கள். வெயிலால் வந்த வாந்தி, குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகும் என்றார் வார்டின் இளம் டாக்டர். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாதென்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் போனால், விழித்துத்தான் இருந்தான். முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தான். கட்டை அவிழ்த்தேன். அப்போதும் ஆடவில்லை.

“ஏல சேது, ஏன்ல இப்படிக் கெடக்க?” என்று அம்மா பதறினாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். “தேக்கியே, கித்னா ஷாந்த் ஹோ கயா!” எவ்வளவு அமைதியாகிவிட்டான் பாருங்கள் என்கிறார்! நாளைக்கே வீட்டுக்கு அழைத்துப் போகலாமாம்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இவன் பிறந்ததிலிருந்து சாந்தமாக இருந்ததே இல்லை, வயிற்றைத் தொட்டுப் பாருங்கள் என்று இந்தியில் சொன்னேன். இவர்களுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது பெஹன்ஜி (சகோதரி) என்றார் அவர். வலி தெரியும், சொல்லத்தான் தெரியாது என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெளியே போகச் சொன்னார்கள். கட்டிலின் கால்மாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். வார்டே வேடிக்கை பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்!

சத்தம் கேட்டுப் பெரிய சர்ஜன் வந்தார். எந்நேரமும் ஆடிக்கொண்டே இருப்பவன் இப்போது ஆடவே இல்லை என்றேன். “ஆடுறத எப்ப நிறுத்தினான்?” என்பதுதான் அவர் இந்தியில் கேட்ட முதல் கேள்வி. வயிற்றில் கை வைத்தார். பலகையாக இறுகியிருந்தது. அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) வெடித்து, பெரிடோனிட்டிஸ் (வயிற்று உட்சவ்வு அழற்சி) ஆகியிருந்தது. அசைந்தால் உயிர் போகிற வலி, அதனால்தான் ஆடவில்லை என்றார். உடனே ஆபரேஷன்.

பிழைத்தான். குழாயைப் பிடுங்கிவிடுவான் என்று மறுபடி கட்ட வந்தார்கள். கட்ட வேண்டாம், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்றேன். சர்ஜன் எங்களை வார்டிலேயே தங்க அனுமதித்தார். அம்மாவும் நானும் மாறி மாறி அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். ஆபரேஷன் கட்டு மாற்றும்போதெல்லாம் அவன் உள்ளங்கையைக் காயத்தின் ஓரத்தில் வைத்து, மேலே என் கையை வைத்து, “இதுதாம்ல வலி” என்று சொல்லுவேன். புரிகிறதா என்று தெரியாமலே சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் சேது மாதிரி ஒருவர் இருந்தால், நன்றாக இருக்கும்போது அவர் எப்படி இருப்பார் என்பதை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மரியாதை போகிறதே என்று பார்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் அவன் குனிந்து மெல்ல நடந்தான். நானும் மெல்ல நடந்தேன். அதுவரை பஸ்ஸுக்கும் கடைக்கும் அவனைத் தரதரவென்று இழுத்துப் போனவள்தான் நான். இப்போது அவன் நின்றால் நிற்கிறேன்.

குளிர்காலம் வந்தது. ஒருநாள் ஆபீஸுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சேது வந்து என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தான். கன்னம் வீங்கிக் கொதித்தது. கையை எடுக்கப் பார்த்தேன், விடாமல் அழுத்திக்கொண்டான்.

“அம்மா! இவனுக்குப் பல்லு வலிக்குதாம்!”

அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

“யாருட்டி சொன்னா?”

“அவன்தாம்மா.”