செல்வராசு தந்த தூளிக் கயிறு

புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூரைக் கொக்கியில் அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டு, தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறக்குமுன் தூளி கட்டக் கூடாது என்பார்கள். பொறியியல் படித்தவனுக்குச் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. அப்போதுதான் கட்டுமாவடியிலிருந்து போன் வந்தது. வலையைத் தோளில் ஏற்றிய செல்வராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவேயில்லை.

அவர் என் சகலை, என் மனைவியின் அக்கா கணவர். எங்கள் கருவை எங்களுக்காகச் சுமப்பது அந்த அக்காதான், என் மதினி. இப்போது ஏழாம் மாதம்.

அவருடைய நண்பர்களான உங்களுக்கு அவர் வாய் தெரியும். திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "உங்களுக்கு முழுச் சம்மதமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது, "நானா சுமக்கப் போறேன்? அவளே சரிங்குறா. நான் மீன் வாங்கிக் குடுக்குறேங்க" என்றார். துறையில் ஒருவன், "என்ன மாமா, ரெண்டாவதா?" என்று சீண்டியதற்கு, "ஏறுறது எங்க வண்டில, எறங்குறது புதுக்கோட்டைலடா" என்றார். உங்கள் யாரிடமும் அவர் ஒளிக்கவில்லை.

அவருடைய ஆத்தாவிடம் மட்டும் சொல்லவில்லை. நான் நச்சரித்தேன். "இழுக்காதீங்கண்ணே, இன்னைக்கே சொல்லிருங்க."

"பட்டனை அமுக்குனதும் ஓட இது ஒங்க மிஷினா, இஞ்சினியரே? பேத்தி இருந்தும் பேரன் பேரன்னு ஏங்குற மனுசி. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பாடையைத் தூக்கும் முன், ஆத்தா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே வந்தார். ஏழு மல்லிகைப் பூவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். இறந்தவன் மனைவிக்கு எத்தனை மாதம் என்று ஊருக்குச் சொல்லும் வழக்கம் அது. நாளைக்கு அவள் மேல் யாரும் பழி சொல்லக் கூடாதல்லவா? பிள்ளை இறந்தவனுடையது என்று ஊர் ஒப்புக்கொண்டதாகவும் அர்த்தம். "வம்சம் இருக்குப்பா" என்றார் ஒரு பெரியவர். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தேன், பின்னால் நின்ற என் மனைவி என் கையைப் பிடித்து இறுக்கினாள். பிணத்தை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது?

கருமாதி அன்று மதினியின் வயிற்றில் கைவைத்து ஆத்தா என் மனைவியிடம் சொன்னார்: "எம்மகன் திரும்பி வாரான்டி. பேரும் அவன் பேருதான்."

மதினி மறுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் போனையும் எடுப்பதில்லை.

சட்டம் எங்கள் பக்கம்தான். கோர்ட் உத்தரவு பீரோவில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு துக்க வீட்டு வாசலில் போய் நிற்க என்னால் ஆகாது.

கடைசியாக வந்தபோது, தூளிக்கென்று படகுக் கயிற்றில் தன் கையால் முடிச்சுப் போட்டுத் தந்துவிட்டுப் போனார். "அறுந்தா என்னையக் கேளுங்க" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கயிறும், ஆத்தாவிடம் அவர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போன பேச்சும்தான். கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டேன். பேச்சைச் சொல்ல நாளைக்குக் கட்டுமாவடி போகிறேன். மதினி கதவைத் திறப்பாரா, தெரியவில்லை.