அடி அண்ணாமலைக்கு நான் கொண்டுபோன பூ

உட்ரெக்ட் நகரில் சனிக்கிழமை காலைகளில் ஆண்கள் பூங்கொத்தோடு சைக்கிளில் போவார்கள். யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. காபிக்கு அழைத்தால்கூடப் பூ வாங்கிப் போக வேண்டும். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், உடன் வேலை பார்க்கும் டச்சுப் பெண்மணி மரைக்காவின் வீட்டு வாசலில் வெறுங்கையோடு போய் நின்றிருக்கிறேன். மறுமுறை பூ கொண்டுபோனபோது 'மோய்', அதாவது அழகு, என்று சொல்லிச் சாடியில் வைத்தார். அதோடு பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிட்டது. எங்கள் திருவண்ணாமலையில் பூ அப்படிச் சும்மா கைமாறாது. சாமிக்கா, தலைக்கா, சாவுக்கா என்பது வாங்கும்போதே முடிவாகிவிடும். பத்து வருடம் வெளியே இருந்தால் இதுகூடவா மறக்கும் என்று கேட்பீர்கள். மறக்கவில்லை, ஒரு வீட்டுக்குக் கிளம்பினால் கை தானாகப் பூவைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

இந்த விடுமுறையில் அம்மாவின் முழங்கால் வலிக்காகச் செங்கம் சாலையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குத் தினமும் போனோம். அங்கேதான் அமுதாவைப் பார்த்தேன். அம்மாவின் காலை நீட்டி மடக்கியபடியே என்னைக் கிண்டல் செய்வார். "உங்க பையனுக்கும் பயிற்சி குடுக்கணும்மா. உக்காந்த எடத்த விட்டு எழவே மாட்டேங்கறாரு" என்பார். நான் ஏன் எழவில்லை என்பது அவருக்கும் தெரியும். முப்பத்தாறு வயதில் ஒருவரைப் பார்ப்பதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போடுவது எனக்கே வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஒருநாள், "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க, டீ சாப்டலாம்" என்றார்.

அவர் வீடு கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில். போகும் வழியில் மல்லிகை வாங்கினேன். கையில் கொஞ்சமாகத் தெரியவே ஆப்பிளும் ஒரு பெட்டி இனிப்பும் சேர்த்துக்கொண்டேன். பூக்கார அம்மாவே எல்லாவற்றையும் ஒரு பாக்குமட்டைத் தட்டில் அடுக்கிக் கொடுத்தார். அதை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றேன். அமுதாவின் அப்பா, ஓய்வுபெற்ற கண்டக்டர், தட்டைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பாய் விரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

"பெரியவங்க யாரும் வரலீங்களா? பூ வெக்கறதுன்னா பொம்பளைங்க வந்துதான வெப்பாங்க" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அப்போதுதான் தட்டு எனக்குக் கனத்தது. "போன தடவையும் இப்பிடித்தான வெச்சிட்டுப் போனாங்க" என்று ஒரு பெண் முணுமுணுத்தார். முன்பு ஒருமுறை பூ வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. அமுதாவின் முகம் வெளுத்திருந்தது.

அவர்தான் எழுந்து வந்து தட்டை வாங்கினார். "சாமி படத்துக்குப் போடக் கொண்டாந்திருக்காருப்பா. வெளிநாட்டுலேந்து வந்தவரு, அவருக்கு என்னா தெரியும்?" என்றார். பூ படத்துக்குப் போனது. டீ வந்தது. எல்லோரும் நெதர்லாந்துக் குளிரைப் பற்றிக் கேட்டார்கள்.

சாலை வரை வழியனுப்ப வந்த அமுதா, "அந்த ஊர்ல பூ குடுத்தா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார்.

"கூப்ட்டதுக்கு தேங்க்ஸ்னு அர்த்தம்."

"அவ்ளோதானா?"

பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் முகமெல்லாம் கண்முன் வந்தது. மறுபடியும் இவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவேனோ என்று பயந்து, "அவ்ளோதாங்க" என்றேன். "சரிங்க" என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். தட்டோடு போய் நின்றதைவிட இதுதான் பெரிய அசட்டுத்தனம் என்பது ஆட்டோவில் ஏறிய பிறகு உறைத்தது.

உட்ரெக்ட் திரும்பியதும் மரைக்காவிடம் சொன்னேன். "பிடித்திருந்தால் அவளிடம் சொல்லிவிடு. இதில் அப்பா எங்கே வந்தார்?" என்றார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "நீ எதுக்குடா பேசற? நானும் உங்க அத்தையும் போயி பேசிட்டு வரோம்" என்றார். இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது.

நேற்று வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடி அமுதாவுக்கு எழுதினேன்: "அன்னிக்கு அவ்ளோதான்னு சொன்னது பொய்ங்க."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "தெரியும். இப்ப இத அந்த ஊர்க்காரரா சொல்றீங்களா, நம்ம ஊர்க்காரரா சொல்றீங்களா? அப்பாகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

நிலையம் வந்து கதவு திறந்தது. இறங்குகிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் குறுக்கே நின்றுகொண்டு, எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.