உன் இடதா, என் இடதா?

ஒயர் அக்காவுக்கு இடது வலது தெரியாது என்று அந்த விமானத் திடலில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது அவளுடைய அண்ணன்தான்.

இருபத்தெட்டு வருஷம் அண்ணனும் தங்கையும் ஒரே கொட்டகையில், ஒரே மேசையில் உட்கார்ந்து, சின்ன விமானங்களுக்கு ரேடியோவும் கருவிகளும் பொருத்தினார்கள். அவள் அந்த வேலைக்கென்று வந்தவள் இல்லை. ஒரு நாள் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். "ஒரு நிமிஷம் இந்த விளக்கைப் பிடி" என்றார். நின்றாள். நின்றது நின்றதுதான். தபால்காரரான அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்: "நம்ம வீட்டு ஃபேன் மூணு மாசமா ஓடலை. நீ போய் ஊரான் ப்ளேனுக்கு ஒயர் போடு."

அண்ணன் மல்லாந்து படுத்து, தலையைக் கருவிப் பலகைக்கு அடியில் நுழைத்துக்கொள்வார். வெளியே தெரிவது இரண்டு கால்களும், எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும் ஒரு ஷூ லேஸும். அவள் விமானியின் இருக்கையில் உட்கார்ந்து, பலகையின் முகத்தைப் பார்த்தபடி விளக்குப் பிடிப்பாள்.

"இடது பக்கத்து ஒயரைத் தொடு" என்று குரல் மட்டும் வரும்.

"உன் இடதா, என் இடதா?"

"உலகத்துக்கு எத்தனை இடதுடி இருக்கு?"

"ரெண்டு. நீ படுத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்."

தினமும் இதே சண்டை. அவர் பார்ப்பது முதுகுப் பக்கம், அவள் பார்ப்பது முகப் பக்கம். அவருக்கு இடது என்பது அவளுக்கு வலது. இதில் யார் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஒயர் ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் அண்ணன் படம் வரைந்து வைப்பார். எந்த ஒயர் எந்தக் கனெக்டரில் எத்தனையாவது துளைக்குப் போகிறது என்று. தாம் எப்படிப் பார்த்தாரோ அப்படியே, அடியில் படுத்திருப்பவன் கண்ணால் வரைவார். ஆகவே அவள் அவர் படங்களை நேராகப் படிப்பதில்லை. தாளைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதுகு வழியாகப் படிப்பாள். "எழுத்துத்தான் இடம் வலமாத் தெரியும், விஷயம் நேராத் தெரியும்" என்பாள்.

அண்ணன் பாராட்டுகிற ஆள் இல்லை. ரொம்பவும் பிடித்துப்போனால் "பரவாயில்லை" என்பார். இருபத்தெட்டு வருஷத்தில் அவளுக்கு அது இரண்டு தடவை கிடைத்தது.

அவர்கள் கை பட்ட விமானங்களிலேயே சிக்கலானது மாட்டு டாக்டருடையது. நான்கு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம். தூரத்துப் பண்ணைகளுக்கு ஊசியும் மருந்துமாக அதில்தான் போய் வருவார். அந்தந்தச் சமயத்தில் மலிவாக எது கிடைத்ததோ அதை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். ரேடியோ ஒரு கம்பெனி. திசைகாட்டி இன்னொரு கம்பெனி. தானாக ஓட்டும் ஆட்டோபைலட், முகம் சாம்பல் நிறத்தில் இருந்ததால் அவர்கள் 'சாம்பல்' என்று கூப்பிட்ட மூன்றாவது கம்பெனி. ஒரே கம்பெனிப் பெட்டிகள் என்றால் ஒன்றையொன்று தாமாகவே புரிந்துகொள்ளும். வெவ்வேறு கம்பெனி என்றால் ஒன்று சொல்வது இன்னொன்றின் காதில் ஏறாது. நடுவில் நின்று சமாதானம் செய்துவைக்க ஆள் வேண்டும்.

"டாக்டர், எல்லாத்தையும் ஒரே இடத்துல வாங்கக் கூடாதா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

"கூட்டுக் குடும்பம்னா அப்படித்தான் இருக்கும். நீங்க இருக்கீங்களே, பஞ்சாயத்துக்கு."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே அடியில் படுப்பார். உள்ளூர அவருக்கு அதில்தான் பெருமை. ஒரே மாதிரி இருப்பவை ஒத்துப்போவதில் என்ன இருக்கிறது? சாம்பலும் திசைகாட்டியும் முதன்முதலாகப் பேசிக்கொண்ட அந்த மத்தியானம், ஸ்டியரிங் தானாக மெல்ல அசைந்தபோது, அவர் படுத்த இடத்திலேயே சிரித்தது அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. கால்கள் மட்டும் குலுங்கின.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கழுத்து வலி முற்றி, அண்ணன் வேலையை விட்டார். கடல் தாண்டி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது தம்முடைய ஸ்க்ரூட்ரைவர் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "மத்தது எல்லாம் நீ பார்த்துப்பே. டாக்டர் ப்ளேன்ல மட்டும் என்னைக் கேக்காம கை வைக்காதே" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் எல்லாம் பேசுவார்கள். வேலையைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

இந்த வருஷம் டாக்டருக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. தோள் தேறிவிட்டது, ஆனால் இரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார முடியாது. அதே நேரம் பார்த்துப் பழைய திசைகாட்டியும் கெட்டுப்போனது. அது இல்லாமல் ஆட்டோபைலட் குருடு. டாக்டரின் மகள் பேங்க்கில் வேலை பார்ப்பவள், வளவள என்று பேசாதவள். "ஆட்டோபைலட் ஓடினா ஓட்டுங்க. இல்லைன்னா வித்துடலாம்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். வாங்குவதற்கு ஒரு கட்டட காண்ட்ராக்டர் தயாராக இருந்தார். பழைய சாமான்களை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரே கம்பெனியில் புதிதாகப் பண்ணப்போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் கொட்டகைக்கு வந்தார். கெட்டுப்போன திசைகாட்டிக்குப் பதிலாக, வழக்கம்போல வேறொரு கம்பெனியின், நான்காவது கம்பெனியின், புதுத் திரை ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, இதையும் அந்தச் சாம்பலையும் பேச வச்சிடுங்க. இல்லைன்னா நான் வீட்ல உட்கார்ந்து தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தணும்."

"தண்ணி ஊத்தினாலாவது செடி வளரும், டாக்டர்."

"எனக்குச் செடியோட பேச வராது. மாட்டோடதான் வரும்."

சரி என்றாள். அந்த விமானம் போய்விட்டால், அண்ணனும் அவளும் சேர்ந்து பேச வைத்த பெட்டிகள் இந்தத் திடலில் வேறு எதிலும் இல்லை. அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

புதுத் திரையின் புத்தகத்தைப் பிரித்தாள். 'ஆட்டோபைலட் தயாரித்தவரைக் கேட்கவும்' என்றிருந்தது. சாம்பல் கம்பெனியின் புத்தகத்தில் 'திசைகாட்டி தயாரித்தவரைக் கேட்கவும்' என்றிருந்தது. மாமியாரைக் கேளு என்று அம்மாவும், அம்மாவைக் கேளு என்று மாமியாரும் சொன்ன கதை. போதாததற்குச் சாம்பல் கம்பெனியை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. மிச்சம் இருந்தது விமானத்தின் கதவுப் பையில் மடித்து வைத்திருந்த அண்ணனின் படம் ஒன்றுதான்.

பழைய ஒயர்க் கட்டு உறை வெடித்துக் கிடந்ததால் முழுவதையும் உருவிப் போட்டாள். மூன்று வாரம் வேலை நடந்தது. ஒரு கம்பெனி பேசுவதை இன்னொன்றுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று வர வேண்டியிருந்தது. காண்ட்ராக்டர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் கடைசிக் கனெக்டர். வரிசையாக மூன்று துளை. நடுத்துளை எர்த். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஒயர். எந்த ஓரத்தில் மின்சாரம் கூடுகிறதோ அந்தப் பக்கம் விமானம் திரும்பும். அவள் அண்ணனின் படத்தைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதுகு வழியாகப் படித்து ஒயர்களைச் செருகினாள். யோசிக்கவே இல்லை. செருப்புப் போடும்போது எந்தக் கால் என்றா யோசிக்கிறோம்?

தனியாக ஒரு தடவை சோதித்துப் பார்க்க நினைத்தாள். அதற்குள் டாக்டர் மகளையும் காண்ட்ராக்டரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "இவ கண்ணால பார்க்கணும் அக்கா, போடுங்க."

திரை எரிந்தது. அழகாகவே எரிந்தது. திசையைக் குறிக்கும் சின்ன அம்பை அவள் வலது பக்கம் திருப்பினாள். ஸ்டியரிங் ஒரு நொடி யோசித்தது. பிறகு நிதானமாக, மரியாதையாக, இடது பக்கம் சாய்ந்தது.

இன்னொரு தடவை திருப்பினாள். அம்பு இடது, ஸ்டியரிங் வலது.

"வலதுன்னா இடது போகுது. எங்க வீட்டுக்காரி மாதிரி" என்றார் காண்ட்ராக்டர். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு மேகத்துக்குள் இப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு மணி நேரம் கொடுங்க" என்றாள் ஒயர் அக்கா.

"நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். நிதானமாப் பாருங்க" என்று காண்ட்ராக்டர் வெளியே போனார். நல்ல மனுஷர்தான். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகினால் தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏன் என்று தெரியாமல் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போடுவது எப்படி? ஒன்று தப்பென்றால், அந்தப் படத்திலிருந்து எடுத்த மற்ற இருபது ஒயர்கள்? கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று ஃபோனை எடுத்தாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது. பரவாயில்லை, கிழவருக்குத் தூக்கம் ஏது.

"என்ன, இன்னைக்கு ஞாயிறு இல்லையே" என்றார் அண்ணன்.

சொன்னாள். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"படத்தை எப்படிப் படிச்சே?"

"எப்பவும் மாதிரிதான். திருப்பி வச்சு."

"யாரு திருப்பச் சொன்னா?"

"நீ பின்னாடி இருந்துதானே வரைவே!"

"ஓரத்துல ஒரு கண்ணு போட்டிருந்தேனே, பார்க்கலையா?"

"எந்தக் கண்ணு?"

"வலது மூலையில. பழுப்பு மையில."

அவள் தாளை விரித்துப் பார்த்தாள். இருந்தது.

"டீக் கறைன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் வந்தது. கால்கள் குலுங்குவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"கழுத்து வலி முத்தின வருஷம் அதைப் புதுசா வரைஞ்சேண்டி. முன்னாடி இருந்து, நீ பார்க்கிற மாதிரி. இனிமே நீ தனியாத்தானே செய்யணும், விளக்குப் பிடிக்க யாரு இருக்கா? அதுக்குத்தான் அந்தக் கண்ணு, அது உன் கண்ணு. கை வைக்கும்போது என்னைக் கேளுன்னு சொன்னதும் அதுக்குத்தான்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல!"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் ஃபோனை வைத்தாள். இருபத்தெட்டு வருஷம் அவர் இடது எது என்று கேட்டுக் கேட்டுச் செய்தபோது ஒரு தடவையும் தவறியதில்லை. அவரைத் தெரியும் என்று நினைத்துக் கேட்காமல் செய்த ஒரு நாள் தவறியது. ஒருவரை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதில் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது. அவர் நமக்காக மாறியிருப்பது நம் கண்ணில் படுவதில்லை.

திரும்பி வந்தாள். படத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கனெக்டராகப் பார்த்தாள். மற்ற ஒயர்கள் எல்லாம் கம்பெனி எண் அச்சிட்ட துளைகளில், எண் பார்த்துச் செருகியவை, சரியாகவே இருந்தன. எண் இல்லாதது அந்த மூன்று துளை ஒன்றுதான். நடு ஒயர் எர்த். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நடு நடுவேதான். அதனால்தான் எதுவும் கருகிப்போகவில்லை. ஓரத்து ஒயர்கள் இரண்டையும் மாற்றினாள்.

காண்ட்ராக்டர் வந்ததும் அம்பை வலது பக்கம் திருப்பினாள். ஸ்டியரிங் வலது பக்கம் சாய்ந்தது.

"இப்ப சொல்பேச்சு கேக்குது" என்றார் காண்ட்ராக்டர், கொஞ்சம் வருத்தத்தோடு.

மகள் மட்டும் அசையவில்லை. "மேல போனாலும் இப்படித்தானா?"

"நான் பக்கத்துல உட்கார்ந்து போறேன்மா. நீயும் பின்னால ஏறு. மனசு ஒப்பலைன்னா இறங்கினதும் வித்துடு" என்றாள் ஒயர் அக்கா.

மூவரும் போனார்கள். வயல்களுக்கு மேலே டாக்டர் அம்பைத் திருப்பிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். விமானம் தானாக வலது பக்கம் திரும்பி, நேராகி, அம்பு காட்டிய திசையில் போய்க்கொண்டே இருந்தது. பின் இருக்கையிலிருந்து மகள், "கையைக் கீழே போடுங்கப்பா, தோள் வலிக்கும்" என்றாள். அதுதான் அவளுடைய சம்மதம். டாக்டருக்கு அது புரிந்தது.

இறங்கியதும் ஒயர் அக்கா அண்ணனுக்கு ஒரே வார்த்தை அனுப்பினாள்: 'திரும்பிடுச்சு.' பதில் வர அரை மணி ஆனது. 'பரவாயில்லை' என்றிருந்தது. மூன்றாவது.

சாயங்காலம் புது ஒயர்களுக்குப் புதுப் படம் வரைந்தாள், முன்னால் இருந்து, இருக்கையில் உட்கார்ந்தவள் பார்க்கிறபடி. பழைய படத்தையும் அதனோடு சேர்த்து மடித்துக் கதவுப் பையில் வைக்கப் போனவள், மறுபடி வெளியே எடுத்தாள். புதுத் தாளின் வலது மூலையில், இமையோடும் விழியோடும், பெரிதாக ஒரு கண் வரைந்தாள். அதன் கீழே எழுதினாள்: 'இது கண். டீக் கறை அல்ல.'